ஓட்டுநர் உள்ளேயா, வெளியேயா?

கிலோக்காவின் சம்பளத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் குறுக்கிட்டுக் கேட்கவேண்டாம். குறைவு. கூடப் படித்தவர்களை நினைத்தால் குறைவு. பார்க்கும் வேலையை நினைத்தால் ரொம்பக் குறைவு. அவருடைய ஓரகத்தியின் வாயை நினைத்தால், சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் வெளியே சொல்லவே முடியாத அளவுக்குக் குறைவு.

அவர் ஒரு புரோகிராமர். வயது முப்பத்தெட்டு. ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக இருக்கிறார். புரோகிராமர் என்றதும் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் தொங்கும் அட்டை, ஏழாவது மாடியில் உடற்பயிற்சிக் கூடம் என்று கற்பனை ஓடுமே, அதை அப்படியே நிறுத்துங்கள். இது டயர் கடைக்கு மேலே இருக்கிற மாடி. மூன்று அறை, ஒரு வராந்தா, இரண்டு தரம் இழுத்தால்தான் சாத்திக்கொள்ளும் ஒரு கழிப்பறைக் கதவு. உடற்பயிற்சி வேண்டுவோருக்குப் படிக்கட்டு இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் ரப்பர் வாசனை தாங்கவில்லை என்பார்கள். மூன்றாவது வாரம், வீட்டில் ஏன் எந்த வாசனையும் வரவில்லை என்று கவலைப்படுவார்கள்.

இந்தக் கம்பெனி செய்வது எடைமேடைக்கு மென்பொருள். லாரி சரக்கோடு வந்து இரும்பு மேடையில் ஏறும், ஒரு எடை. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்து மறுபடி ஏறும், இன்னொரு எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. ஒரு சீட்டு அச்சாகும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா, இதற்குப் போய் பதினோரு வருடமா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் ஏதாவது எடைமேடைப் பக்கம் போய் நின்று பார்க்கவேண்டும். மனித குலத்தின் கெட்டிக்காரத்தனம் மொத்தமும் அந்த இரும்புப் பலகையில்தான் ஏறி இறங்குகிறது. ஒரு சக்கரத்தை மட்டும் மேடைக்கு வெளியே நிறுத்துவார்கள். வரும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து, போகும்போது காலி செய்துவிட்டுப் போவார்கள். எதிர் வீட்டுக்காரரிடம் பொய் சொல்லக் கூசுகிற மனிதர்கள்கூட எடைமேடையிடம் சொல்லுவதற்குக் கூசுவதில்லை. அது இரும்புதானே, வருத்தப்படாது என்று நினைப்பு.

கிலோக்காவுக்கு அந்தப் பெயர் வந்த கதையும் இதில்தான் இருக்கிறது. அவர் சேர்ந்த முதல் வருடம். செங்கல் சூளைக்காரர் ஒருவர் போனில் கத்தினார்: "உங்க மிஷினுக்குக் கழிக்கவே தெரியல! ஒவ்வொரு லோடுலயும் எம்பது கிலோ மணல் குறையுது!"

அப்போது இவர் வேலைக்குப் புதிது. மூன்று நாள் புரோகிராமை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார். கழித்தல் சரியாகத்தான் இருந்தது. கழித்தலில் தப்பு செய்ய அதில் இருப்பது ஒரே ஒரு கழித்தல் குறிதான். நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு நேரே சூளைக்கே போய், எடைமேடைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் விஷயம் தெரிந்தது. மணலோடு வரும்போது ஓட்டுநர் வண்டிக்குள் இருந்தார். இறக்கிவிட்டு வெறும் வண்டியை மேடையில் ஏற்றியதும், கீழே குதித்து டீ குடிக்கப் போனார். கழித்துப் பார்த்தால்? மணல் என்று எழுதிய கணக்கில் மணலோடு ஓட்டுநரும் இருந்தார். சூளைக்காரர் ஒவ்வொரு லோடிலும் ஒரு ஓட்டுநரை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநரோ, தான் விற்கப்பட்டது தெரியாமல் டீயில் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

யாரும் நம்பவில்லை. அதனால் இவர் வருகிற ஓட்டுநர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "அண்ணே, நீங்க எத்தனை கிலோ?" என்று கேட்டு எழுதினார். சொல்லாதவர்களைத் தனியாக மேடையில் ஏற்றினார். ஒருவர் நூற்றுப் பத்து காட்டியதும், "பையில சாவி இருக்கும்மா" என்று வெட்கப்பட்டார். ஒல்லி ஓட்டுநர் வந்த லோடில் ஐம்பது குறைந்தது. குண்டு ஓட்டுநர் வந்த லோடில் நூறு குறைந்தது. பட்டியல் கச்சிதமாகப் பொருந்தியது. சூளைக்காரர் போனை எடுத்து இவருடைய முதலாளியைக் கூப்பிட்டு, "அந்தக் கிலோ அக்காவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிடுங்க" என்றார். கிலோ அக்கா சாயங்காலத்துக்குள் கிலோக்கா ஆகிவிட்டார்.

ஆபீசுக்குத் திரும்பி அவர் புரோகிராமில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தார். எடை போடும்போதெல்லாம் திரையில் வரும்: *ஓட்டுநர் உள்ளேயா, வெளியேயா?* கூடவே கேமரா ஓட்டுநர் இருக்கையைப் படம் எடுத்துக்கொள்ளும். இரண்டு எடையிலும் ஒரே பதில் வந்தால்தான் சீட்டு. இல்லையென்றால் நீங்கள் மந்திரியின் மருமகனாகவே இருந்தாலும் சீட்டு வராது. இன்றைக்கு நூற்று நாற்பது எடைமேடைகளில் அந்தக் கேள்வி ஓடுகிறது. அதற்குப் பிறகு ஒரு சீட்டுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. ஆபீசில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது ஒரு விஷயத்தை அரைகுறையாக ஒப்பிட்டுப் பேசினால், கருவிகளின் கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்து 'ஈயம்' என்றே பெயர் வாங்கிவிட்ட, கூட வேலை செய்பவர், கையில் இருப்பதைக் கீழே வைக்காமலே கேட்பார்: "ஓட்டுநர் உள்ளயா, வெளியயா?"

இனி சௌகரியத்துக்கு வருவோம். வீட்டிலிருந்து ஆபீசுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஐந்து பத்துக்குள் வீடு. அந்த இரண்டு நிமிடம் இறக்கத்தில் மிச்சமாகிறது. சாப்பிட்டதும் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் கால் மணி நேரம் தூக்கம். தலையணை பீரோவில் இருக்கிறது. அந்தத் தட்டில் 'பழைய பில்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஒன்பது பேருக்கும் அது என்னவென்று தெரியும், முதலாளிதான் ஒட்டினார். ஒரு ஜன்னல். "நாளைக்கு வரல சார்" என்றால், "சரிம்மா." அவ்வளவுதான், எதற்கு என்ற கேள்வி கிடையாது.

முதலாளி தங்கமான மனுஷன் என்று சொல்லாதவர் இல்லை. நானும் சொல்லுவேன். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்: அவர் கொடுக்கும் சௌகரியங்களில் ஒன்றுகூட அவருக்குச் செலவு வைப்பதில்லை. தூக்கம் இவருடையது, நடை இவருடையது, ஜன்னல் டயர் கடைக்காரருடைய கட்டடத்தில் இருக்கிறது. தங்கம் என்றால் இப்படித்தான், பார்க்க நன்றாக இருக்கும். கழற்றிக் கொடுக்க மனசு வராது.

வந்தது ஒரு திங்கட்கிழமை. சரக்கு அனுப்புகிற பெரிய கம்பெனி ஒன்றின் கிடங்கில் கிலோக்காவின் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. "இதை எழுதினது யாரு?" என்று அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். விசாரித்துப் போன் வந்தது, போனில் இரண்டு தரம் பேச்சு நடந்தது, கடைசியில் கடிதமே வந்துவிட்டது. இப்போது வாங்குவதைப் போல இரண்டே கால் மடங்கு. வியாழக்கிழமை வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லவேண்டும்.

வீட்டில் கடிதத்தை முதலில் படித்தது மகள். பன்னிரண்டு வயது. அந்த வீட்டில் இரண்டே அறை. மகளின் படுக்கை டிவி இருக்கும் அறையில், படிப்பு சாப்பாட்டு மேசையில். சாப்பாட்டு நேரம் வந்தால் பூமியின் அடுக்குகளைப் படமாக வரைந்துகொண்டிருந்தாலும் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்கவேண்டும். அவள் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ரூம் கிடைக்கும்."

"உனக்கு அம்மா சந்தோஷமா இருக்கணும்னு இல்லையா?" என்றார் அப்பா.

"இருக்கணும். ஆனா ரூமும் வேணும்ப்பா. பொய் சொல்ல மாட்டேன்."

அப்பா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். கண்ணைச் சோதிப்பதும், பவர் பார்ப்பதும் அவர் வேலை. நாள் முழுக்க மனிதர்கள் மூக்கில் ஒவ்வொரு லென்சாகப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அவருக்கு வேறு மாதிரி கேட்க வராது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காகிதமும் பேனாவுமாக இருவரும் உட்கார்ந்தார்கள்.

"உங்க எடைமேடை மாதிரியே போடுவோம்," என்றார். "புதுச் சம்பளம் மொத்த எடை. அதுலேருந்து வண்டியைக் கழி."

கழித்தார்கள். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அதற்கான செலவு. பள்ளிக்கூடம் விட்டபின் மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். நாலு நல்ல உடுப்பு. வெளியே சாப்பாடு. களைத்து வரும் நாள்களில் வாங்கி வரும் சாப்பாடு. கிலோக்கா ஒவ்வொன்றையும் கொஞ்சம் தாராளமாகவே எழுதினார்; கை தானாகத் தாராளமாயிற்று. வைத்தியச் செலவு என்று ஒரு வரி எழுதினார்.

"யாருக்கு?"

"முதுகுக்கு."

"உனக்கு முதுகு வலியே கிடையாதே?"

"வரும்."

இவ்வளவு கழித்த பிறகும் மீதி ஒன்றரை மடங்கு நின்றது. கணவர் காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்த லென்ஸ் போட்டாலும் ஒன்றரைதான் தெரியுது," என்றார். "இத பாரு, போன்னு நான் சொல்லல. போகாதேன்னும் சொல்லல. மூணாவது அறைக்கு வாடகை இந்த ஒன்றரைக்குள்ள வருது. அதை மட்டும்தான் சொல்றேன்."

சிறிய கம்பெனியே சொர்க்கம் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் கணக்கை மறைத்துவிடுவார்கள். நான் மறைக்கவில்லை. கணக்கு பெரிய கம்பெனி பக்கம்தான் சாய்ந்தது, அதுவும் நன்றாகவே சாய்ந்தது.

புதன்கிழமை ஓரகத்தி போன் செய்தார். கணவரின் அண்ணன் மனைவி; ஊரில் எது நடந்தாலும் அது நடப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஏம்மா, இன்னுமா யோசிக்கிறே? உன் அத்தான் உன் வயசுல மூணு கம்பெனி மாறியாச்சு."

"பாத்துக்கிட்டிருக்கேன்க்கா."

"என்னத்தப் பாக்குறே? உனக்குச் சௌகரியம் பழகிப்போச்சு. நான் தப்பா சொல்லல, பக்கத்துலயே ஆபீசு, மத்தியானத் தூக்கம்… எனக்கும் இப்படி ஒரு வேலை இருந்தா நானும் நகர மாட்டேன். ஆனா அதுக்குப் பேரு வேலை இல்ல."

போனை வைத்தபோது கிலோக்காவுக்குக் காது சுட்டது. சௌகரியம் என்ற சொல்லை ஓரகத்தி சொன்ன விதத்தில் அது ஏதோ மறைக்கவேண்டிய வியாதி மாதிரி ஒலித்தது. நான் சோம்பேறியா? பதினோரு வருடமாகத் தூங்கிக்கொண்டா இருந்தேன்? அன்று மத்தியானம் அவர் பீரோப் பக்கமே போகவில்லை. தூக்கம் சொக்கியது, பிடிவாதமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய பில் எதுவும் பாக்கலையா இன்னிக்கு?" என்று கேட்ட ஈயத்துக்கு விசைப்பலகையை இன்னும் பலமாகத் தட்டிக் காட்டினார்.

வியாழக்கிழமை போனார். பெரிய கம்பெனியைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, சொல்ல எதுவும் இல்லை. நாற்காலி முதுகைத் தேடி வந்து தாங்கியது. காப்பி இயந்திரத்தில் பதினோரு வகை இருந்தது. எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிய குழுத் தலைவர் முப்பதைத் தாண்டாதவர், மரியாதையானவர், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இவரை முதலில் போகவிட்டார். தூங்குவதற்கென்றே ஓர் அறைகூட இருந்தது. கிலோக்காவின் முகம் மலர்ந்தது.

"யாரு வேணா தூங்கலாமா?"

"தாராளமா மேடம். போன்ல பதிவு பண்ணிட்டா போதும்." அவர் போனை எடுத்துப் பார்த்தார். "இப்ப அடுத்தது… செவ்வாய்க்கிழமை நாலே முக்காலுக்குக் காலியா இருக்கு."

வியாழக்கிழமை வரும் தூக்கத்தைச் செவ்வாய்க்கிழமை வரை எங்கே வைத்துக்கொள்வது என்று கிலோக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் இதற்காக ஒருவர் ஒன்றரை மடங்கை விடுவாரா? மாட்டார். அவரும் விடவில்லை. மேசையில் உட்கார்ந்தபோது கிட்டத்தட்டச் சரி என்று சொல்லும் இடத்துக்கே வந்திருந்தார்.

"உங்க வேலையில உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு சொல்லுங்களேன்," என்றார் குழுத் தலைவர், பேச்சுக்கு.

கிலோக்கா சூளைக் கதையைச் சொன்னார். சாவியை வைத்துச் சமாளித்த நூற்றுப் பத்துக் கிலோக்காரர் வரை சொன்னார். குழுத் தலைவர் மனசாரச் சிரித்தார். "பிரமாதம் மேடம். இந்தக் கண்ணுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம். ஆனா நீங்க இங்க இதுக்கெல்லாம் கஷ்டப்பட வேண்டாம். எங்க அளவுக்கு எம்பது கிலோ எல்லாம் ஒண்ணுமே இல்ல. ரவுண்டிங்ல போயிடும்."

"எம்பது கிலோவா?"

"ஆமா. டன் கணக்குலதான் காட்டுவோம். கீழ இருக்கிறதெல்லாம் தானா முழுசாகிடும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு மலையளவு சரக்கை அனுப்புகிறவர்கள் எண்பது கிலோவைத் தேடிக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார முடியாது. ஆனால் கிலோக்காவின் மனசில் அந்தக் கேள்வி, நூற்று நாற்பது திரைகளில் வருகிற அதே எழுத்தில், வந்து நின்றது. ஓட்டுநர் உள்ளேயா, வெளியேயா? பழைய வேலையை மனசில் எடை போட்டபோதெல்லாம் அதற்குள் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தூக்கம், நடை, மேடையின் பக்கத்தில் போட்ட ஸ்டூல், போனில் "கிலோக்கா" என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காகிதத்தில் புது வேலையை எடை போட்டபோது வெறும் சம்பளம்தான் மேடையில் ஏறியது. அவர் கீழே இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். இரண்டு எடையிலும் பதில் ஒன்றாக இல்லை. அந்தக் கணக்கைத் தன்னுடைய புரோகிராமிடமே கொடுத்திருந்தால் சீட்டு வந்திருக்காது.

"என்ன மேடம் யோசிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார் கிலோக்கா. "நான் அறுபத்திரண்டு கிலோ."

குழுத் தலைவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்கு, "அப்படித் தெரியல மேடம், குறைவாத்தான் தெரியுது," என்றார்.

திரும்பி வரும்போது ஒரு முக்கில் பஸ் மாறவேண்டும். முக்கில் ஒரு எடைமேடை இருந்தது. ஜன்னலுக்குள் தெரிந்த திரையின் நிறத்தைப் பார்த்ததுமே தன்னுடையதுதான் என்று தெரிந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்றார். மேடையில் ஒரு வெறும் லாரி. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்ட ஓட்டுநர், எடை போடுகிறவரோடு வம்பு செய்துகொண்டிருந்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்யா. நீ பாட்டுக்குச் சீட்டைப் போடு."

"வராது. மொத எடைக்கு உள்ள இருந்தே. இப்பவும் உள்ள இரு."

"உள்ளன்னு அமுக்கிடேன், யாரு பாக்கப் போறா?"

"கேமரா படம் எடுக்குது. நீ உக்கார்ற எடம் காலின்னு பாத்துட்டு மறுபடியும் கேக்கும்."

"எங்க வீட்டுலகூட இவ்வளவு விசாரணை கிடையாது! உள்ளயா வெளியயா, உள்ளயா வெளியயா… யாருய்யா எழுதினது இதை?"

"யாரோ ஒரு அம்மாவாம். உக்காரு, உக்காரு. நீ ஒண்ணும் புதுசு இல்ல. இதை ஏமாத்த நாங்க எல்லாருமே முயற்சி பண்ணிப் பாத்துட்டோம்."

ஓட்டுநர் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே அச்சு இயந்திரம் கிர்ரென்று சீட்டைத் துப்பியது. பஸ் வந்தது. கிலோக்கா ஏறவில்லை. பாராட்டுச் சான்றிதழ், மேடை, பூங்கொத்து எதுவும் பதினோரு வருடத்தில் அவருக்குக் கிடைத்ததில்லை. *நாங்க எல்லாருமே முயற்சி பண்ணிப் பாத்துட்டோம்.* அதை இன்னொரு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ள ஒரு பஸ் போகவேண்டியிருந்தது, போகட்டும்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் அறைக்குள் போய்க் கடிதத்தை மேசைமேல் வைத்தார். முதலாளி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்னா போயிடுவேம்மா," என்றார். "உண்மையைச் சொல்றேன். இவங்க கூட்டித் தர்றதுல பாதிகூட என்னால கூட்ட முடியாது."

"தெரியும் சார். பாதி கேக்கல. இப்ப இருக்கிறதுல நாலுல ஒரு பங்கு கூட்டணும்."

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். "இத்தனை வருஷமா நாம ஒரு குடும்பம் மாதிரி…"

"அதையும் சொல்லணும்னு இருந்தேன் சார். குடும்பத்துல யாரும் யாருக்கும் சம்பளம் குடுக்கறதில்ல. அதனால இனிமே கம்பெனின்னே சொல்லுங்க."

கதவுக்கு வெளியே ஈயம் இருமினார். இருமல் சிரிப்பு மாதிரி இருந்தது.

"நாலுல ஒண்ணு முடியாது," என்றார் முதலாளி. "ஆறுல ஒண்ணு. மிச்சத்துக்குத்தான் இங்க இவ்வளவு சௌகரியம் இருக்கே."

"சௌகரியம் எல்லாம் நானேதான் செஞ்சுக்கறேன் சார். அதைச் சம்பளத்துல சேத்துக் காட்டாதீங்க. ஓட்டுநரை மணல் கணக்குல எழுதற மாதிரி இருக்கு."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை நூற்று நாற்பது இடத்தில் விற்றவர் அவர்தான். அது தன் மேசைக்கே வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "அஞ்சுல ஒண்ணு," என்றார். "இந்த மாசத்துலேருந்தே. இதுக்கு மேல இழுத்தா மேடை உடைஞ்சுடும்மா."

அது பொய்யில்லை என்று கிலோக்காவுக்குத் தெரியும். மேடை எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கும் தெரிந்த விஷயம்தான். "சரி சார்," என்றார். அன்று மாலை ஐந்து மணிக்கு அல்ல, மத்தியானமே பெரிய கம்பெனிக்குப் போன் செய்து, நன்றி, வரவில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு பீரோவைத் திறந்து பழைய பில்களை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டார்.

ஐந்தில் ஒரு பங்குக்கு மூன்றாவது அறை வராது. மகளிடம் அதைச் சொல்லுவது முதலாளியிடம் பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் அழவில்லை. கேட்டாள்: "அப்ப பாதி ரூம் வருமா?"

கணவர் டிவி இருக்கும் அறையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமாகத் துணி அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து அறைக்கு நடுவே குறுக்காக நிறுத்தினார்கள். ஜன்னல் அவள் பக்கம். புதிதாக ஒரு மேசை வாங்கினார்கள். கூடுதல் சம்பளம் வருவதற்குள்ளேயே அதில் முதல் தவணை போயிற்று. திரைச்சீலையை மகளே தேர்ந்தெடுத்தாள். தொங்கவிட்டதும் ஒரு அட்டையை எடுத்து ஒரு பக்கம் 'உள்ளே' என்றும் மறு பக்கம் 'வெளியே' என்றும் எழுதி, நூல் கட்டித் தொங்கவிட்டாள்.

சாயங்காலம் ஓரகத்தி வந்தார். அலமாரியைச் சுற்றிப் பார்த்தார், அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த வேலையை விட்டுட்டியாமே?"

"ஆமாக்கா."

"சௌகரியம்தான் முக்கியம்னு?"

நாலு நாள் முன்னால் காது சுட்ட அதே சொல். கிலோக்கா டீத் தம்ளரை நீட்டினார். "ஆமாக்கா. சௌகரியம்தான். நான் தூங்கி எழுந்து தெளிவா எழுதினதை நூத்தி நாப்பது இடத்துல ஏமாத்திப் பாத்துட்டாங்க. ஒருத்தராலயும் முடியல."

ஓரகத்தி பேச்சை அங்கேயே விட்டுவிட்டு டீயைக் கையில் வாங்கிக்கொண்டார். அது அவருடைய வரலாற்றில் முதல் தடவை என்று நினைக்கிறேன். டீயை ஊதிக் குடித்தார். போகும்போது மட்டும், "உன் அத்தான் ஆபீசுலேருந்து வர இப்ப ராத்திரி ஒம்பது ஆகுது," என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு ஒரு புதன்கிழமை. மகள் பள்ளிக்கூடப் பையோடு ஐந்தேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். அட்டையில் 'உள்ளே' என்று இருந்தது. காலையில் 'வெளியே' என்று திருப்பிவிட்டுத்தான் போயிருந்தாள். திரைச்சீலையை விலக்கினாள். புது மேசைமேல் முழங்கையை ஊன்றி, அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா! இது என் ரூம்."

"தெரியும்டி," என்றார் கிலோக்கா. "அறுபத்திரண்டு கிலோதான். ஓரமா உக்காந்திருக்கேன்."

மகள் பையை இறக்கி வைத்துவிட்டு, அட்டையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.